உரக்கச் சொல்வதைச் சந்தேகி: ரோமக் காசுகளை அரசியலாக வாசிப்பது

கி.பி. 41 ஜனவரி 24. பேரரசர் கலிகுலாவை அவருடைய மெய்க்காவல் அதிகாரிகளே வெட்டிச் சாய்த்தார்கள். அரண்மனையில் திரைச்சீலைக்குப் பின்னால் பதுங்கியிருந்த சித்தப்பா கிளாடியஸ், காவல்படை வீரன் ஒருவன் கண்ணில் பட்டார். மறுபடியும் குடியரசாகவே ஆகிவிடலாமா என்று செனட் சபை பேசிக்கொண்டிருக்க, பேரரசரின் மெய்க்காவல் படையான ப்ரைட்டோரியன் படையின் முகாமில் கிளாடியஸ் பேரரசராகிவிட்டார். வீரர்களுக்கு ஆளுக்கு 15,000 செஸ்டர்ஷியஸ் (பித்தளைக் காசு) தருவதாக வாக்களித்தார் என்று எழுதுகிறார் ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். அதாவது 3,750 டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு. அன்றைக்குச் சாதாரண லெஜியன் (ரோமப் படைப்பிரிவு) வீரனின் ஆண்டுச் சம்பளமே 225 டெனாரியஸ்தான். ஏறக்குறைய பதினேழு வருடச் சம்பளம், ஒரே வாக்குறுதியில்.

அடுத்து வந்த காசுகளைப் பாருங்கள். தங்கத்திலும் வெள்ளியிலும் இரண்டு வகை. ஒன்றில் மதில் சூழ்ந்த காவல்படை முகாம். மதிலுக்குள் படைக்கொடியோடு ஓர் உருவம். மேலே 'இம்பெர் ரெகெப்ட்', பேரரசர் ஏற்கப்பட்டார் என்று. இன்னொன்றில் ரோமக் குடிமகனின் மேலாடையான டோகா உடுத்திய கிளாடியஸ், கழுகுச் சின்னம் தாங்கிய வீரனோடு கைகுலுக்குகிறார். வாசகம் 'ப்ரைட்டோர் ரெகெப்ட்', காவல்படை ஏற்கப்பட்டது. யார் யாரை ஏற்றார்கள் என்பதை இரண்டு பக்கமும் பேசி முடித்த ஒப்பந்தம் போலவே இது இருக்கிறது. செனட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதே காலத்தில் வெளிவந்த செம்புக் காசைக் கையில் எடுத்தால் கதை வேறு. அங்கே 'லிபர்டாஸ் அகஸ்டா': விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பியைக் கையில் ஏந்தி நிற்கும் சுதந்திர தேவி. கொடுங்கோலன் ஒழிந்தான், சுதந்திரம் வந்தது என்று பொருள். சந்தையில் ரொட்டி வாங்குகிறவன் கையில் சுதந்திரம். சம்பளம் வாங்கும் காவலன் கையில் ஒப்பந்தம். ஒரே அரசு, ஒரே காலம், இரண்டு பேச்சு.

ரோமக் காசை அரசியலாக வாசிக்க இதுதான் நுழைவாசல். 'என்ன படம்' என்ற கேள்வி இரண்டாவதுதான். முதல் கேள்வி 'எந்த உலோகம்'. 1 தங்க ஔரியஸ் 25 டெனாரியஸ். 1 டெனாரியஸ் 4 செஸ்டர்ஷியஸ். 1 செஸ்டர்ஷியஸ் 4 ஆஸ். தங்கமும் வெள்ளியும் பெரும்பாலும் படைச் சம்பளமாகவும் பெரிய மனிதர்களுக்கான பரிசாகவும் வெளியேறின. பித்தளையும் செம்பும் நகரத்துச் சில்லறை. தானிய விநியோகம், புதிய கட்டடம், வரித் தள்ளுபடி எல்லாம் பித்தளையில் அதிகம் வருவதும், படைகளின் விசுவாசம் வெள்ளியில் அதிகம் வருவதும் தற்செயல் இல்லை. விதிவிலக்குகள் நிறைய உண்டு. ஆனாலும் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது விதி இன்னும் பயனுள்ளது: காசில் எந்தக் குணம் உரக்கச் சொல்லப்படுகிறதோ, அந்த ஆண்டு அதற்குத்தான் பஞ்சம்.

கி.பி. 69 இதற்குப் பாடநூல். ஒரே ஆண்டில் நான்கு பேரரசர்கள். ஜனவரி 15 முதல் ஏப்ரல் 16 வரை மூன்றே மாதம் ஆண்ட ஓத்தோ வெளியிட்ட வாசகம் 'பாக்ஸ் ஆர்பிஸ் டெர்ராரும்', உலகெங்கும் அமைதி. அந்நேரம் ரைன் நதிப் படைகள் அவரை ஒழிக்க இத்தாலியை நோக்கி வந்துகொண்டிருந்தன. அவரை வென்ற விட்டெலியஸின் காசில் ஒன்றையொன்று பற்றிய இரு கைகளும் 'ஃபிதேஸ் எக்ஸெர்கிட்டூம்' என்ற வாசகமும்: படைகளின் விசுவாசம். ஆண்டு முடிவதற்குள் கிழக்குப் படைகளும் டானூப் படைகளும் எதிர்ப்பக்கம் போய், அவர் ரோம் நகரத் தெருவில் கொல்லப்பட்டார்.

நெர்வாவின் கதை இன்னும் நுணுக்கமானது. 96 செப்டம்பரில் பேரரசர் டொமிஷியன் கொல்லப்பட்டதும் முதிய செனட்டரான நெர்வா பதவிக்கு வந்தார். டொமிஷியன் மேல் படைக்குப் பாசம் அதிகம். சம்பளத்தை 225-இலிருந்து 300 டெனாரியஸாக உயர்த்தியவர் அவர். நெர்வாவின் முதல் வெளியீடுகளிலேயே பற்றிய கைகள் வந்துவிடுகின்றன, 'கான்கோர்டியா எக்ஸெர்கிட்டூம்', படைகளின் ஒற்றுமை என்று. 97-இல் காவல்படை அரண்மனையை முற்றுகையிட்டு, டொமிஷியனைக் கொன்றவர்களைத் தங்களிடம் ஒப்படைக்க வைத்தது. கலகம் வெடிப்பதற்கு முன்பே காசு கலகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள். அந்த அக்டோபரில் படை பலமுள்ள டிராஜனை அவர் தத்தெடுத்ததன் காரணமும் அதிலேயே இருக்கிறது.

விதி 3-ஆம் நூற்றாண்டில் கேலிக்கூத்தாகிறது. பேரரசு மூன்று துண்டாகக் கிடந்த 260-களில் பேரரசர் கேலியனஸின் தங்கக் காசொன்று 'உபிக்வே பாக்ஸ்' என்கிறது, எங்கும் அமைதி. அவர் கதிர்க்கிரீடத்தோடு வரும் 'ரேடியேட்' காசுகளில் தராசு பிடித்த ஈக்விடாஸ், அதாவது நேர்மை தேவி, அடிக்கடி வருகிறாள்; அவள் நிற்கும் அந்தக் காசிலேயே வெள்ளி சில சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அதே ஆட்சியில் லெஜியன்களின் பெயரோடு 'ஐந்து முறை பக்தியும் விசுவாசமும் மிக்கது', 'ஆறு முறை', 'ஏழு முறை' என்று எண்ணும் ஏறுகிறது. விசுவாசத்தை ஏழாவது முறையாகப் பாராட்ட வேண்டி வந்தால் நிலைமை என்னவென்று ஊகித்துக்கொள்ளலாம்.

குடும்பப் பெருமையிலிருந்து முகம் வரை

குடியரசுக் காலத்தில் பேரரசர் இல்லை. நாணயப் பொறுப்பு மூன்று இளம் அதிகாரிகளிடம் இருந்தது. டெனாரியஸ் கி.மு. 211 வாக்கில், ஹானிபாலோடு போர் நடந்தபோது தொடங்கியது. முதலில் எல்லாம் ஒரே அச்சு: முகப்பில் தலைக்கவசம் அணிந்த ரோமா, பின்புறத்தில் குதிரையேறிய இரட்டையர் காஸ்டரும் பொல்லக்ஸும். கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த இளைஞர்கள் பின்புறத்தைத் தங்கள் குடும்பச் சுவரொட்டியாக்கினார்கள். மினூசியஸ் குடும்பத்தவர் தானியப் பஞ்சத்தில் உதவிய மூதாதைக்கு எழுப்பிய தூணைக் காட்டினார். லிசினியஸ் நெர்வா வாக்களிக்கும் பாலத்தைக் காட்டினார்: ஒருவர் வாக்குச்சீட்டு வாங்குகிறார், இன்னொருவர் பெட்டியில் போடுகிறார். இந்தப் பதவி அரசியல் ஏணியின் கீழ்ப்படி. மேலே ஏறத் தேர்தல் உண்டு. வாக்காளர் மடியிலேயே பிரசாரம்.

இத்தாலியக் கூட்டாளி நகரங்கள் ரோமை எதிர்த்துக் கிளம்பிய கி.மு. 91 – 88 போரில் அவர்களும் டெனாரியஸ் அடித்தார்கள். எடையும் வடிவமும் ரோமுடையதுதான். படத்தில் மட்டும் இத்தாலியக் காளை ரோம ஓநாயைக் கொம்பால் குத்தி மிதிக்கிறது. எதிரியின் சம்பளக் காசைப் போலவே இருந்தால்தான் செல்லும். படத்தைத் திருப்பிப் போட்டால்தான் எரியும். இதைவிடச் சுருக்கமான போர்ப் பிரகடனம் எனக்குத் தெரிந்து வேறு காசில் இல்லை.

கி.மு. 54 வாக்கில் நாணய அதிகாரியாக இருந்த மார்க்கஸ் ப்ரூட்டஸ் ஒரு பக்கம் சுதந்திர தேவியையும் மறுபக்கம் மன்னராட்சியை ஒழித்த தன் மூதாதை லூசியஸ் ப்ரூட்டஸையும் வைத்தார். பத்து ஆண்டு கழித்து, 44-இன் தொடக்கத்தில், ரோமில் முதல்முறையாக உயிரோடிருக்கும் ஒரு ரோமனின் முகம் காசில் வந்தது: 'காயெசர் டிக்ட் பெர்பெட்டுவோ', நிரந்தர சர்வாதிகாரி சீசர். இலைமாலை சூடிய தலை, சுருக்கம் விழுந்த கழுத்து. மன்னர்கள் செய்கிற வேலை அது. மார்ச் 15 அன்று ப்ரூட்டஸும் காசியஸும் தலைமை தாங்கிய சதியில் அவர் கொல்லப்பட்டார்.

இனித்தான் புகழ்பெற்ற 'எய்ட் மார்' டெனாரியஸ். கி.மு. 43 – 42-இல், ப்ரூட்டஸின் படையோடு நகரும் நாணயப் பட்டறையில் அடித்தது. பின்புறத்தில் இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலைத் தொப்பி, கீழே தேதி: மார்ச் நடுநாள். வாள்களின் பிடிகள் இரண்டும் வேறுவேறு. ஒன்று ப்ரூட்டஸுடையது, மற்றது காசியஸுடையது என்று வழக்கமாகச் சொல்வார்கள். கொலையைக் குற்றமாக மறைக்காமல் தேதி போட்டுப் பெருமைப்படும் காசு. ஆனால் அதைத் திருப்பிப் பாருங்கள். முகப்பில் ப்ரூட்டஸின் சொந்த முகம்! உயிரோடிருக்கும் ஒருவர் தன் முகத்தை அச்சடித்ததை மன்னராட்சியின் அடையாளமாகப் பார்த்த அணியின் தலைவர், இரண்டே ஆண்டில் அதையே செய்கிறார். படைக்குச் சம்பளம் கொடுப்பவரின் முகம் காசில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலை அதற்குள் வந்துவிட்டது. குத்துவாளைவிட இந்த முகப்புதான் குடியரசு செத்துவிட்டதற்குச் சாட்சி.

சீசரின் தளபதியாக இருந்த அந்தோணியும் அதே வழியில் போனார். ஆக்டேவியனுக்கு எதிரான ஆக்டியம் போருக்காக கி.மு. 32 – 31-இல் லெஜியன் ஒவ்வொன்றுக்கும் தனி எண் போட்டு டெனாரியஸ் அடித்தார்: ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் இரு கொடிகளுக்கு நடுவே கழுகு, கீழே படையின் எண். வெள்ளியின் தரம் மட்டம். அதனாலேயே யாரும் அவற்றைப் பதுக்கவோ உருக்கவோ இல்லை. நல்ல காசுகள் மறைந்துபோக, தோற்றவரின் காசு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தேய்ந்து தேய்ந்து புழங்கியது. கப்பலும் கழுகும் வெறும் நிழலாகத் தெரிகிற ஒரு மழுங்கிய டெனாரியஸ் கையில் வந்தால், முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

வென்ற ஆக்டேவியனுக்கு (பின்னாளில் அகஸ்டஸ்) வேறு சிக்கல். ரோமனை ரோமன் வென்றதைக் கொண்டாட முடியாது. அதனால் அவருடைய காசில் அந்தோணியே இல்லை. முதலை ஒன்று நிற்கிறது. மேலும் கீழும் 'ஈஜிப்டோ காப்தா', எகிப்து கைப்பற்றப்பட்டது. உள்நாட்டுப் போர் ஒரு முதலைக்குள் மறைந்துவிட்டது. நூறு ஆண்டு கழித்து வெஸ்பாசியனும் இதையேதான் செய்தார். விட்டெலியஸை வென்றுதான் அரியணைக்கு வந்தார். காசில் காட்டியதோ 'யூதேயா காப்தா': பேரீச்ச மரம், அடியில் துக்கத்தில் அமர்ந்த பெண், பக்கத்தில் கைகட்டிய கைதி அல்லது நிற்கும் வெற்றியாளர். தங்கம், வெள்ளி, பித்தளை என எல்லா உலோகத்திலும், அவர் மகன்களின் ஆட்சியிலும் தொடர்ந்த படம். புதிய குடும்பத்துக்கு வெளிநாட்டு வெற்றி ஒன்று தேவைப்பட்டது.

அந்தப் பேரீச்ச மரம் 96-இல் நெர்வாவின் செஸ்டர்ஷியஸில் தனியாகத் திரும்ப வருகிறது, கைதி இல்லாமல். வாசகம், யூத வரியின் பேரால் நடந்த பொய்க் குற்றச்சாட்டு நீக்கப்பட்டது என்கிறது. ஆண்டுக்கு 2 டெனாரியஸ் வரியை ரத்து செய்ததாக இதைச் சொல்லிவிடுவது வழக்கமான பிழை. வரி தொடர்ந்தது. நீங்கியது, டொமிஷியன் காலத்தில் 'இவன் ஒளிந்து வாழும் யூதன்' என்று பிறரைக் காட்டிக்கொடுத்துச் சொத்தைப் பறித்த முறை மட்டுமே. காசு வாசகங்களில் ஒவ்வொரு சொல்லும் வழக்கறிஞர் எழுதியதுபோல இருக்கும். மேலோட்டமாக வாசித்தால் அரசு சொல்லாததையும் சொன்னதாக எடுத்துக்கொள்வோம்.

இடம் யாருக்கு என்பதும் ஒரு பேச்சு. 54 டிசம்பரின் நீரோ ஔரியஸில் தாயும் மகனும் முகத்தோடு முகம் பார்க்கிறார்கள். முகப்பைச் சுற்றி ஓடுவது அக்ரிப்பினாவின் பட்டங்கள், 'நீரோவின் தாய்' என்று. பேரரசரின் பெயர் பின்புறத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. 55-இல் இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். நீரோ முன்னால், தாய் அவருக்குப் பின்னால் ஒரு விளிம்பாக. இப்போது பின்புறத்துக்குப் போனது அவள் பெயர். அதன்பின் ரோம் நாணயச்சாலைக் காசுகளில் அவளே இல்லை. 59-இல் மகன் அவளைக் கொன்றதை நாமறிவோம். வீழ்ச்சி தொடங்கிய தேதியைக் காசுதான் காட்டுகிறது.

கையில் வைத்து வாசிப்பது

எடுத்துக்காட்டுக்கு ஒரு செம்பு ஆஸ். முகப்பில் தாடியோடு இலைமாலை சூடிய தலை. வாசகம் பெரும்பாலான பேரரசுக் காசுகளில் கடிகாரத்தின் 7 மணி இடத்தில் தொடங்கி வலமாக ஓடும். ரோமர்களுக்கு 'யு' தனியாக இல்லை. 'வி' வடிவமே இரண்டுக்கும். சொல்லுக்கு நடுவில் உருவத்தின் தலையோ காலோ குறுக்கிட்டால் அங்கே உடையும். அந்த உடைப்பைச் சொல்முடிவாக எடுத்துக்கொண்டால் வாசிப்பு கெடும். இந்தக் காசில் வருவது: அன்டோனைனஸ் அவுக் பயஸ், பி.பி., டி.ஆர்.பி. 18. பி.பி. நாட்டின் தந்தை, டி.ஆர்.பி. ட்ரிப்யூன் எனப்படும் மக்கள் பிரதிநிதிக்குரிய அதிகாரம். ரோமன் எண்ணில் 18 என்பதுதான் நமக்கு வேண்டியது.

அன்டோனைனஸ் பயஸுக்கு இந்த அதிகாரம் முதலில் 138 பிப்ரவரியில் கிடைத்தது. அதே டிசம்பர் 10-இல் இரண்டாம் முறை புதுப்பிக்கப்பட்டது. பிறகு ஒவ்வொரு டிசம்பர் 10-க்கும் ஓர் எண் கூடும். எண்ணோடு 136-ஐக் கூட்டினால் தொடங்கும் ஆண்டு வரும். 18-க்கு 154 டிசம்பர் 10 முதல் 155 டிசம்பர் 9 வரை. பின்புறத்தில் பாறைமேல் அமர்ந்து தலைசாய்த்த பெண், அருகில் கேடயம், மேலே 'பிரிட்டானியா', நான்காம் முறை கான்சல் (ரோமின் உயர்ந்த ஆண்டுப் பதவி) என்ற குறிப்பு, எஸ்.சி., அதாவது 'செனட்டின் ஆணைப்படி' என்ற இரு எழுத்து. இந்த வகை பிரிட்டனில் பெருமளவில் கிடைக்கிறது. ஹாட்ரியன் சுவரருகே உள்ள கோவென்டினா தேவியின் ஊற்றிலிருந்து மட்டுமே குவியலாக எடுத்தார்கள். பிரிட்டானியாவின் படம் பிரிட்டனுக்கே அனுப்பப்பட்டிருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் யார் என்பது இப்படிக் கண்டெடுத்த இடத்திலிருந்தும் தெரியும்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றல்ல. முதல் நூற்றாண்டில் பெரும்பாலும் பதவியேற்ற நாளில் எண் மாறும்; டிசம்பர் 10 பிற்பாடுதான் நிலைத்தது. ஆளுக்கு ஆள் அட்டவணை பார்த்தே ஆக வேண்டும். கான்சல் எண்ணை நம்பினால் இன்னும் ஆபத்து. ஹாட்ரியன் மூன்றாம் முறை கான்சலானது 119-இல். அதன்பின் அவர் அந்தப் பதவியை ஏற்கவே இல்லை. ஆகவே 'மூன்றாம் கான்சல்' என்று மட்டும் இருந்தால் 119 முதல் 138 வரை எந்த ஆண்டாகவும் இருக்கலாம். 'இம்ப்' (இம்பெராட்டோர்) பெயருக்கு முன்னால் வந்தால் பட்டம். எண்ணோடு தனியாக வந்தால் வெற்றி முழக்கத்தின் எண்ணிக்கை. இரண்டையும் குழப்பினால் ஆண்டு தவறும்.

முகப்பில் அகஸ்டஸ் முகம் இருந்தால் அகஸ்டஸ் காலம் என்று முடிவு கட்டவும் கூடாது. 'டிவஸ்', தெய்வமானவர், என்ற சொல் இருந்தால் அவர் இறந்த பிறகு வந்தது. 'ரெஸ்ட்' என்று முடிந்தால் டைட்டஸோ டொமிஷியனோ நெர்வாவோ டிராஜனோ பழைய அச்சை மீண்டும் வெளியிட்டது. அந்தப் படம் அகஸ்டஸைப் பற்றிப் பேசவில்லை. அகஸ்டஸின் நிழலில் நிற்க விரும்பும் பின்னவரைப் பற்றிப் பேசுகிறது.

நிற்கும் பெண் உருவங்கள்தான் புதியவர்களைத் தலைசுற்ற வைப்பவை. கையில் இருப்பதைப் பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள். ஆலிவ் கிளை என்றால் பாக்ஸ். பாம்புக்குக் கிண்ணத்தில் ஊட்டினால் சாலுஸ், உடல்நலம். பேரரசர் நோயுற்றிருக்கலாம், அல்லது சதியிலிருந்து தப்பியிருக்கலாம். சுக்கான் பிடித்தால் ஃபார்ச்சூனா, அதிர்ஷ்டம். ஒரு கையில் பூ, மறுகையால் ஆடை விளிம்பைத் தூக்கினால் ஸ்பெஸ், நம்பிக்கை. வாரிசு பிறந்ததும் அறிவிக்கப்பட்டதும் இவள் வருவாள். தூணில் சாய்ந்தால் செக்யூரிடாஸ், பாதுகாப்பு. கதிரும் தானியம் அளக்கும் மரக்காலும் கப்பல் முனையும் என்றால் அன்னோனா, தலைநகருக்குத் தானியம். தராசும் வளக்கொம்பும் (கனிகள் நிறைந்த கொம்பு) இருந்தால் ஈக்விடாஸ், நாணயச்சாலை தேவி மொனேட்டா இருவரும் ஒன்றுபோலவே இருப்பார்கள். வாசகம் தேய்ந்திருந்தால் பிரிக்க முடியாது, 'இருவரில் ஒருவர்' என்று எழுதி விட்டுவிடுவதே நேர்மை. பாக்ஸும் நற்பேறு தேவி ஃபெலிசிடாஸும் இரண்டு பாம்பு சுற்றிய கோலைப் பகிர்ந்துகொள்வதால் அங்கேயும் வாசகம்தான் தீர்ப்பு.

பிற்காலத்தில் எழுத்துகளை எண்ணவும் வேண்டும். 'அவுக்' (AVG, அகஸ்டஸ் என்ற பேரரசர் பட்டத்தின் சுருக்கம்) என்பதில் ஒரு 'ஜி' என்றால் ஒரு பேரரசர், இரண்டு என்றால் இருவர், மூன்று என்றால் மூவர். கராசியஸ் இதைவைத்தே ஒரு ஆட்டம் ஆடினார். 286 வாக்கில் பிரிட்டனைத் தனியாகப் பிரித்து ஆண்ட கடற்படைத் தளபதி அவர். அப்போதைய பேரரசர்களான டயோக்ளீஷியனுக்கும் மாக்ஸிமியனுக்கும் அவர் கலகக்காரர். அவருடைய ஒரு காசில் மூன்று தலைகள் அடுக்காக, 'கராசியஸும் அவர் சகோதரர்களும்' என்ற வாசகத்தோடு. பின்புறம் மூன்று 'ஜி' போட்ட அமைதி. சகோதரர்கள் பதிலுக்கு ஒரு காசும் அடிக்கவில்லை.

அவருடைய நல்ல வெள்ளிக் காசுகளில் அடியில் ஆர்.எஸ்.ஆர். என்ற மூன்று எழுத்து. நாணயச்சாலைக் குறி அல்லது நிதி அதிகாரியின் பதவிப்பெயர் என்று நெடுங்காலம் கருதினார்கள். பதக்கம் ஒன்றில் ஐ.என்.பி.சி.டி.ஏ. என்ற தொடரும் இருந்தது. 1990-களின் முடிவில்தான் முடிச்சு அவிழ்ந்தது: இரண்டையும் சேர்த்தால் ரோமக் கவிஞர் வர்ஜிலின் நான்காம் எக்லோக் (ஆயர் வாழ்வைப் பாடும் கவிதை) 6, 7-ஆம் அடிகளில் வரும் சொற்களின் முதலெழுத்துகள். 'பொற்காலம் திரும்புகிறது, வானிலிருந்து புதிய தலைமுறை இறங்குகிறது.' படிப்பாளிகளுக்கு மட்டும் புரியும் ஒரு கண்சிமிட்டல்; அதனால்தான் நல்ல வெள்ளியில் வருகிறது. 296-இல் பிரிட்டன் மீட்கப்பட்டபோது எதிர்த்தரப்பு பதில் சொன்னது. 1922-இல் பிரான்சின் அராஸ் அருகே கிடைத்த பெரிய தங்கப் பதக்கத்தில் பிரிட்டனை மீட்ட கான்ஸ்டான்டியஸ் குதிரையில் வர, நகர வாசலில் லண்டன் மண்டியிட்டு வரவேற்கிறாள். வாசகம் 'நிலையான ஒளியை மீட்டுத் தந்தவர்'. லண்டன் மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அந்தப் பதக்கம் சாட்சியாகாது.

யார் பார்த்தார்கள்?

நியாயமான எதிர்வாதம் உண்டு. பெரும்பாலோருக்கு எழுத்தறிவில்லை, அச்சைத் தேர்ந்தது பேரரசரல்ல, அதிகாரிகள், எனவே இது மக்களுக்கான பிரசாரமல்ல, மேலிடத்துக்கான முகஸ்துதி என்பார்கள். பாதி உண்மை. ஆனால் பழைய ஆசிரியர்கள் காசைக் கவனித்திருக்கிறார்கள். 'எய்ட் மார்' காசை வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ விவரிக்கிறார். அகஸ்டஸின் மகர ராசிக் காசையும் யாழ் வாசிப்பவன் கோலத்தில் நீரோ வந்த காசையும் சுவெட்டோனியஸ் குறிப்பிடுகிறார். கான்ஸ்டன்டைன் மேல்நோக்கிய கண்ணோடு காசில் வருவது பிரார்த்தனை என்று ஆயர் யூசெபியஸ் விளக்குகிறார். பேரரசர் ஜூலியனின் காளைக் காசை அந்தியோக்கியா நகரத்தார் கேலி செய்தார்கள். 'இந்த உருவமும் எழுத்தும் யாருடையவை?' என்ற சுவிசேஷக் கேள்விக்குக் கூட்டம் உடனே விடை சொல்கிறது. முகஸ்துதியும் பிரசாரமும் ஒரே படத்தில் சேர்ந்து வாழ முடியும் என்பது என் கருத்து.

செய்தி செல்லாத எல்லையும் இருந்தது. அகஸ்டஸின் பேரன்கள் கையஸும் லூசியஸும் கேடயத்தோடு நிற்கும் டெனாரியஸ் வாரிசுகளை அறிவிக்க அடித்தது. லூசியஸ் கி.பி. 2-இலும் கையஸ் 4-இலும் இறந்தார்கள். காசு மட்டும் கடல் தாண்டி இந்தியாவில் குவிந்தது. இங்கே யாருக்கும் வாரிசுச் சண்டையில் அக்கறை இல்லை, வெள்ளியில்தான் அக்கறை. 1898-இல் கிடைத்த புதுக்கோட்டைப் புதையலின் 501 ஔரியஸில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருக்கின்றன.

கடைசியாக, ஏமாறும் இடங்கள். படத்தை அரசியலாக வாசிக்குமுன் அது அசல் படம்தானா என்று பார்க்க வேண்டும். பெரிய பித்தளைக் காசுகளில் 'மீள்செதுக்கல்' மிகுதி: தேய்ந்த முடி, எழுத்து, கட்டடத் தூண் எல்லாவற்றையும் பின்னாளில் யாரோ ஊசிமுனையால் கீறிக் கூர்மையாக்கியிருப்பார்கள். விளக்கைத் தாழ்வாக, பக்கவாட்டில் வைத்து, பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். எழுத்தைச் சுற்றித் தரை மட்டம் பள்ளமாக இருந்தாலோ, கீறலுக்குள் மட்டும் பச்சைப் படிவு இல்லாமல் உலோகம் மின்னினாலோ, அந்த எழுத்தை ஆதாரமாக்காதீர்கள். இல்லாத கொடி, இல்லாத எண் எல்லாம் இப்படித்தான் முளைக்கின்றன.

டெனாரியஸ் என்றால் தராசில் வையுங்கள். நீரோ 64-இல் எடையைக் குறைத்தபின் சுமார் 3.4 கிராம், அகஸ்டஸ் காலத்தது அதைவிடச் சற்றுக் கனம். 2.5 கிராம் அளவுக்கு இறங்கி, விளிம்பிலோ மூக்கு நுனியிலோ செம்பு தெரிந்தால் வெள்ளி முலாம் போட்ட அக்காலக் கள்ளக்காசு. அதில் ஒருவரின் முகப்பும் இன்னொருவரின் பின்புறமும் சேர்ந்திருப்பது சகஜம். அதைப் பார்த்து 'புதிய கூட்டணி' என்று கோட்பாடு கட்டியவர்கள் உண்டு. சோப்புபோல வழுக்கும் பரப்பு, நுண்துளைகள், விளிம்பைச் சுற்றி ஓடும் கோடு இருந்தால் வார்ப்புப் போலி. அச்சு அருமையாக, வட்டம் கச்சிதமாக, தகடு மெல்லியதாக இருக்கும் செஸ்டர்ஷியஸ் என்றால், 16-ஆம் நூற்றாண்டுப் பதுவாவில் ஜொவான்னி தா கவீனோ செதுக்கிய வகையாக இருக்கலாம். அவற்றின் எழுத்து இத்தாலிய மறுமலர்ச்சிக் கல்வெட்டு எழுத்து, ரோமச் சிற்றுளி எழுத்தல்ல.

அசலே ஆனாலும் காகிதம் பொய்யாக இருக்கலாம். 2020-இல் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போன தங்க 'எய்ட் மார்' உண்மையான காசுதான். அதன் உரிமை வரலாறு புனையப்பட்டது என்று தெரியவந்து, 2023-இல் கிரேக்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது.